எண்களில்லாத தொலைபேசி



வில்லியனூர் வழியாக விழுப்புரத்துக்குச் செல்லும் ரயில் பாதையை நீங்கள் எத்தனையோ முறை கடந்திருப்பீர்கள். கேட் போட்டுவிட்டால் வண்டியை அணைத்துவிட்டு, வெயிலில் முணுமுணுத்துக்கொண்டு நிற்பது நமக்குப் பழகிப்போன காரியம். அடுத்த முறை அப்படி நிற்க நேர்ந்தால், கேட் கீப்பர் அமர்ந்திருக்கும் அந்தச் சிற்றறையின் பக்கம் சற்றே பார்வையைத் திருப்புங்கள். அங்கே ஒரு தொலைபேசி இருக்கும். அதன் பழைய வடிவத்தில் சுழற்றும் வட்டும் இருக்காது, அழுத்தும் பொத்தான்களும் இருக்காது. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி மட்டுமே இருக்கும். அதைச் சுழற்றினால் ஒரே ஓர் இடத்தில் மணி அடிக்கும். அது நிலைய அதிபரின் மேசை. வேறு எங்கும் அந்தக் கருவியால் பேச முடியாது. அங்கிருந்து அவர் அழைத்தாலும் இந்த அறையில்தான் மணி ஒலிக்கும்.

உலகத்திலுள்ள எவரையும் அழைக்க வல்ல கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிற்கும் நமக்கு, இது ஏதோ காலாவதியான பொருளாகத் தோன்றலாம். ஆயினும், ஓரிடத்துக்கு மட்டுமே போகும் இத்தகைய தொலைபேசியின் வரலாறு நம் ஊரையும் கடலையும் நாட்டின் எல்லையையும் தொட்டுச் செல்லுகிறது. இந்த வாரம் அதைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன்.

தொலைபேசி பிறந்தபோது எல்லாத் தொலைபேசியும் இப்படித்தான் இருந்தது. இரண்டு கருவிகள், நடுவே ஒரு சோடிக் கம்பி, அவ்வளவே. கடைக்காரர் தம் கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கம்பி இழுத்துக்கொண்டார். வேறொருவரோடு பேச வேண்டுமென்றால் வேறொரு கம்பி வேண்டும். பத்துப் பேர் தங்களுக்குள் பேச நாற்பத்தைந்து கம்பிகள் தேவைப்படும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், இணைப்பகம் ஏன் தோன்றியது என்பது விளங்கும். எல்லாருடைய கம்பியும் ஓரிடத்துக்கு வந்து சேரட்டும், அங்கே அமர்ந்திருப்பவர் கேட்டவரோடு கேட்டவரை இணைத்துவிடட்டும் என்பதே ஏற்பாடு. சென்னையில் எர்ரபாலு செட்டித் தெருவில் 1882-ஆம் ஆண்டு ஜனவரி 28 அன்று அத்தகைய இணைப்பகம் திறக்கப்பட்டது. அதே நாளில் கல்கத்தாவிலும் பம்பாயிலும் திறந்தார்கள்.

நடுவில் அமர்ந்த மனிதர் வழியாகவே எல்லாப் பேச்சும் போக வேண்டியிருந்ததில் ஒரு சங்கடம் உண்டு. அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்ற சவ அடக்க ஏற்பாட்டாளர் இருந்தார். துக்க வீட்டார் தம்மைக் கேட்டு அழைத்தாலும், இணைப்பகத்தில் இருந்த பெண்மணி அந்த அழைப்புகளைப் போட்டித் தொழிலாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்று அவர் சந்தேகித்தார் என்றும், அந்தப் பெண்மணி போட்டியாளரின் மனைவி என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதையில் எவ்வளவு உண்மை இருக்கிறதோ, காப்புரிமை உண்மை. மனிதர் இல்லாமல் தானாகவே இணைக்கும் பொறிக்கு 1891-இல் அவர் காப்புரிமை பெற்றார். 1892 நவம்பரில் இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் என்னும் ஊரில் அது இயங்கத் தொடங்கியது. எண்களைக் கொண்டு நாமே ஆளைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அங்கிருந்து வந்தது. அடக்க ஆராதனைகளை நடத்துகிற என் போன்றவர்களுக்கு, இந்தத் தொலைபேசி யுகம் ஒரு துக்க வீட்டின் வாசலில் தொடங்கியது என்பதில் தனிப்பட்ட ஆர்வம் உண்டு என்பதை மறைப்பானேன்.

எல்லாரும் எல்லாரையும் அழைக்கலாம் என்ற வசதி வந்த பிறகும், சிலர் அந்த வசதியை வேண்டாம் என்றார்கள். தேர்ந்தெடுக்க நேரமில்லாதவர்கள் அவர்கள். லண்டனில் 1935 நவம்பரில் விம்போல் தெருவிலுள்ள ஒரு வீட்டில் தீப்பிடித்து ஐந்து பெண்கள் இறந்தார்கள். எதிரிலிருந்த ஒருவர் தீயணைப்புப் படையை அழைக்க முயன்றபோது, இணைப்பகத்தில் மற்ற அழைப்புகளுக்குப் பின்னால் வரிசையில் காத்திருக்க நேர்ந்தது. அவர் பத்திரிகைக்கு எழுதிய கடிதமும் அதையொட்டி எழுந்த கேள்விகளும் 1937 ஜூன் 30 அன்று 999 என்ற அவசர எண் பிறக்கக் காரணமாயின. நாம் இன்று அழைக்கும் 112 அந்த வழியில் வந்ததே. ஆனாலும் அவசர எண்ணைக்கூட அழுத்த வேண்டியிருக்கிறது. எண்ணை நினைவில் வைக்க வேண்டும், கை நடுங்காதிருக்க வேண்டும், வரி கிடைக்க வேண்டும். இவை ஒன்றும் வேண்டாமல், கருவியை எடுத்த மாத்திரத்தில் அடுத்த முனையில் மணி அடிப்பதே நேரடித் தொலைபேசி. ஆங்கிலத்தில் ஹாட்லைன் என்பது அதுவே.

அது எப்படி வேலை செய்கிறது என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. கைப்பிடியைச் சுழற்றும் பழைய கருவிக்கு மேக்னட்டோ என்று பெயர். உள்ளே ஒரு காந்தத்தின் நடுவே கம்பிச் சுருள் சுழலும். அதில் பிறக்கும் மின்சாரம் கம்பி வழியே ஓடி எதிர் முனையின் மணியை அடிக்கும். பேசுவதற்கு வேண்டிய மின்சாரம் அந்தந்தக் கருவியோடு இருக்கும் மின்கலத்திலிருந்து வரும். ஆகையால் ஊரில் மின்சாரம் இல்லாவிட்டாலும், இணைப்பகம் செயலிழந்தாலும், கம்பி அறுபடாதவரை அது பேசும். பின்னாளில் வந்த வகையில் கைப்பிடியும் இல்லை. கருவியைத் தூக்கியதும் சுற்று இணைந்து மின்னோட்டம் பாய்வதை எதிர்முனையிலுள்ள ரிலே உணர்ந்து மணியை அடிக்கச் செய்கிறது. மூன்றாவது வகை சாதாரணத் தொலைபேசி இணைப்பிலேயே கிடைத்தது. வீட்டுத் தொலைபேசிகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் பிஎஸ்என்எல் நிறுவனம் இதை ஒரு வசதியாகவே கொடுத்தது. கருவியை எடுத்துவிட்டுச் சில விநாடிகள் ஒன்றும் அழுத்தாமல் இருந்தால், முன்னதாகக் குறித்துவைத்த எண்ணை இணைப்பகமே அழைத்துவிடும். முதியோர் தனியே இருக்கும் வீட்டுக்கு இதைவிட ஏற்ற ஏற்பாடு அரிது. நம்மில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது என்பதுதான் வருத்தம்.

இந்த மூன்றில் மிகப் பழையதும் மிக எளியதும் ரயில்வேயின் கையில் நிலைத்துவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. தந்தி பிறந்த நாளிலிருந்தே ரயிலும் கம்பியும் ஒன்றாக வளர்ந்தவை. இங்கிலாந்தில் பாடிங்டனுக்கும் வெஸ்ட் டிரேட்டனுக்கும் இடையே கூக், வீட்ஸ்டன் ஆகிய இருவரின் தந்தி 1839-இலேயே ரயில் பாதையோரம் ஓடியது. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிட்டால் விலகுவதற்கு இடமில்லை. இந்த நிலையத்தார் அந்த நிலையத்தாரைக் கேட்காமல் வண்டியை அனுப்பக் கூடாது என்ற விதி அதனாலேயே உண்டாயிற்று. கேட்பதற்கு ஒரு கம்பி தேவைப்பட்டது. அந்தக் கம்பியில் வேறு யாரும் குறுக்கிடக் கூடாது.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ஏறத்தாழ 38 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை 1879-இல் திறக்கப்பட்டது. ஒரு முனை பிரிட்டிஷ் ஆட்சியில், மறுமுனை பிரெஞ்சு ஆட்சியில். நம் கொம்யூன்களின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இங்கே எல்லை என்பது நேர்கோடு அன்று. வில்லியனூரும் பாகூரும் நெட்டப்பாக்கமும் மண்ணாடிப்பட்டும் தமிழ்நாட்டு ஊர்களின் நடுவே துண்டு துண்டாகக் கிடக்கின்றன. ஒரு வயலில் ஏர் ஓட்டுகிறவர் ஓர் அரசின் குடி, வரப்புக்கு அப்பால் நிற்பவர் வேறோர் அரசின் குடி. இரண்டு அரசுகளுக்கு நடுவே ஓடிய இந்த ஒற்றைப் பாதையில், வண்டி வருகிறதா இல்லையா என்ற செய்தியில் மட்டும் இரு தரப்பாருக்கும் கருத்து வேறுபாடு இருந்திருக்க முடியாது.

இனி கேட் அறைக்குத் திரும்புவோம். அங்கே நடப்பது என்ன என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் கேட்டுக்கு முன்னால் நிற்கிற நம்மில் பலருக்கு அது தெரியாது.

ரயில்வே கேட்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கேட்டும் சிக்னலும் பிணைக்கப்பட்டிருக்கும். கேட்டை மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்குப் பச்சை விளக்கு எரியும். கேட் கீப்பர் மறந்துபோனாலும் வண்டி தூரத்திலேயே நின்றுவிடும். மற்றொன்றில் அந்தப் பிணைப்பு இல்லை. அங்கே தொலைபேசியை நம்பித்தான் எல்லாம் நடக்கிறது. வண்டி புறப்படுமுன் நிலைய அதிபர் கேட் கீப்பரை அழைப்பார். இன்ன வண்டி வருகிறது, கேட்டை மூடு என்பார். கேட் கீப்பர் எழுந்துபோய் கேட்டை மூடி, பூட்டி, திரும்பிவந்து, மூடிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். வெறுமனே சொன்னால் போதாது. அவரிடம் அச்சிட்ட தாள் ஒன்று இருக்கும். அதில் எண்கள் எந்த ஒழுங்கும் இல்லாமல் வரிசையாகக் கொடுக்கப்பட்டிருக்கும். அதில் அடுத்து வரும் எண்ணைச் சொல்லி, அதை அடித்துவிட வேண்டும். பிரைவேட் நம்பர் என்று ரயில்வேக்காரர்கள் அதைச் சொல்லுவார்கள். நிலைய அதிபர் அந்த எண்ணைத் தம் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். அதன் பிறகே வண்டிக்கு வழி திறக்கும்.

இந்த எண்ணை யோசித்துப் பாருங்கள். அது எந்த அளவையும் குறிப்பதில்லை. வண்டியின் எண்ணும் அன்று, மணியும் அன்று. நிலைய அதிபரால் அதை ஊகிக்க முடியாது. ஊகிக்க முடியாததாலேயே அது சாட்சியாகிறது. கேட் கீப்பர் உண்மையாகவே பதில் சொன்னார் என்பதற்கும், நிலைய அதிபர் பதிலைக் கேட்காமலே கேட்டதாக எழுதிக்கொள்ளவில்லை என்பதற்கும் அதுவே அத்தாட்சி. நூறாண்டுகளுக்கு முற்பட்ட மனிதர்கள் மனித இயல்பை எவ்வளவு கூர்ந்து அறிந்திருந்தார்கள் என்பதற்கு இந்தத் தாளைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. கம்பி தவறான இடத்துக்குப் போகாதபடி ஒரு காவல். கேட்டவர் தூங்கிவிடாதபடி இன்னொரு காவல். இந்த இரண்டு காவல்களுக்கும் எட்டாத ஓர் இடம் எஞ்சியிருக்கிறது. அதைப் பிறகு சொல்லுகிறேன்.

அதற்கு முன், உலகம் அறிந்த ஹாட்லைன் ஒன்றைப் பற்றி இரண்டு வார்த்தை. 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நிறுத்தப்பட்டபோது, வாஷிங்டனும் மாஸ்கோவும் ஒருவருக்கொருவர் எழுதிய செய்திகள் போய்ச் சேர்ந்து, மொழிபெயர்க்கப்பட்டு, படிக்கப்பட மணிக்கணக்கில் ஆயிற்று. உலகம் அணு ஆயுதப் போரின் விளிம்பில் நின்ற நாட்கள் அவை. அந்த அச்சம் 1963 ஜூன் 20 அன்று ஜெனீவாவில் கையெழுத்தான ஓர் உடன்பாட்டுக்கு வழிகாட்டியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று நேரடித் தொடர்பு இயங்கத் தொடங்கியது. சினிமாக்களில் குடியரசுத் தலைவரின் மேசையில் சிவப்புத் தொலைபேசி ஒன்று இருக்கும். உண்மையில் அது தொலைபேசியே அன்று. எழுத்துகளை அச்சடிக்கும் டெலிபிரிண்டர். வாய்ப்பேச்சில் அவசரமும் கோபமும் கலந்துவிடும், மொழிபெயர்ப்பவர் தடுமாறுவார் என்பதால் எழுத்தையே விரும்பினார்கள். லண்டன், கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி வழியாகச் சென்ற அந்தக் கம்பியை ஒருமுறை பின்லாந்து விவசாயி ஒருவர் ஏர் உழும்போது அறுத்துவிட்டாராம். வல்லரசுகளின் சமாதானம் ஓர் ஏர்முனைக்கு அருகில் புதைந்து கிடந்தது என்பதை எண்ணினால் சிரிப்பதா அஞ்சுவதா என்று தெரியவில்லை.

நமக்கு அருகில் உள்ள ஹாட்லைன் இந்தியா, பாகிஸ்தான் இராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர்களுக்கு நடுவே உள்ளது. 1971-ஆம் ஆண்டுப் போரை ஒட்டி ஏற்பட்ட ஏற்பாடு அது. வாரந்தோறும் செவ்வாய்க்கிழமை இரு தரப்பு அலுவலர்களும் அதில் பேசிக்கொள்ளும் வழக்கம் உண்டு. பெரும்பாலும் பேச ஒன்றும் இருக்காது. எல்லைக்கு அருகே பயிற்சி நடக்கிறது, வழி தவறிய ஒருவர் வந்துவிட்டார் என்பது போன்ற செய்திகளே. ஆனால் 2025 மே 10 அன்று பிற்பகல் 3:35 மணிக்குப் பாகிஸ்தான் தரப்பிலிருந்து வந்த அழைப்பு அந்த வகையானது அன்று. நான்கு நாட்களாக ஏவுகணைகளும் டிரோன்களும் பறந்துகொண்டிருந்த வேளை அது. மாலை 5 மணி முதல் தரையிலும் வானிலும் கடலிலும் எல்லாத் தாக்குதலையும் நிறுத்துவது என்று இரு அலுவலர்களும் ஒத்துக்கொண்டார்கள் என நம் வெளியுறவுச் செயலர் அன்று மாலை அறிவித்தார். ஒன்றுமில்லாத செவ்வாய்க்கிழமைகளில் அந்தக் கருவியை எடுத்துப் பேசிப் பழகியிராவிட்டால், அந்தச் சனிக்கிழமை பிற்பகலில் அதை எடுப்பது எவ்வளவு எளிதாக இருந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனி நம் சொந்தக் கதை.

1998-இல் சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கிராமத்தாருக்கு வேண்டிய செய்தியைக் கிராமத்துக்கே கொண்டுவந்து கொடுப்பது நோக்கம். கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையம் அதற்கு உதவியது. எம்பலம், கீழூர், வீராம்பட்டினம், பூரணாங்குப்பம் போன்ற ஊர்களில் அறிவு மையங்கள் திறக்கப்பட்டன. ஊரார் இடம் கொடுக்க வேண்டும், அந்த இடத்துக்குள் சாதி வேறுபாடின்றி எல்லாரும் நுழையக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உள்ளூர்ப் பெண்கள் பலர் அந்த மையங்களை நடத்தினார்கள். கணினி என்ற சொல்லே புதிதாக இருந்த காலம் அது என்பதை மறந்துவிடாதீர்கள்.

அன்று கிராமங்களில் தொலைபேசி அரிதாகவும் நம்ப முடியாததாகவும் இருந்தது. ஆகையால் கம்பிக்குப் பதிலாக விஎச்எஃப் ரேடியோக் கருவிகளைத் தக்கபடி மாற்றியமைத்து, ஒவ்வோர் ஊரையும் வில்லியனூரோடு இணைத்தார்கள். மின்வெட்டுக்கு மாற்றாகச் சூரிய ஒளித் தகடுகள் பொருத்தப்பட்டன. அந்த ஊர்களின் வானலைக் கம்பம் எதைப் பார்த்து நின்றதோ அது வில்லியனூர். விலை நிலவரம், அரசுத் திட்டங்கள், மருத்துவரின் வருகை நேரம் எல்லாம் அங்கே தமிழில் தொகுக்கப்பட்டு ஊர்களுக்குப் போயின. ‘நம்ம ஊரு செய்தி’ என்ற இதழும் வெளிவந்தது. வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு அலைகளின் உயரம் தேவைப்பட்டது. அமெரிக்கக் கடற்படை தன் இணையதளத்தில் வெளியிட்டுவந்த அலை முன்னறிவிப்பை வில்லியனூரில் எடுத்து, தமிழாக்கி, கடற்கரைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒலிபெருக்கியில் அதை வாசித்தார்கள். வலை உலர்த்துகிறவர் காதிலும், படகுக்கு எண்ணெய் ஊற்றுகிறவர் காதிலும் அது விழுந்தது. எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்ற அவசியமில்லை. இந்தத் திட்டத்துக்கு 2001-இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். நம்மில் பெரும்பாலோர் ஆராதனைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த வேளை. காலை 6:29 மணிக்குச் சுமத்திராவுக்கு அருகே கடலடியில் பூமி பிளந்தது. அந்த அலை நம் கரையை வந்தடைய ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆயிற்று. இரண்டரை மணி நேரம் என்பது ஓர் ஊரையே மேட்டுக்குக் கொண்டுபோய்விடப் போதுமான நேரம்.

அந்த நேரம் எங்கே போயிற்று? கார் நிக்கோபாரிலுள்ள விமானப்படைத் தளத்திலிருந்து காலை ஏழரை மணியளவில் செய்தி கிடைத்ததாக அப்போதைய விமானப்படைத் தலைமைத் தளபதி பின்னர் பத்திரிகைக்குச் சொன்னார். பிறகு தொடர்பு அறுந்தது. தீவு மூழ்குகிறது, எங்கும் தண்ணீர் என்பதே அங்கிருந்து வந்த கடைசிச் செய்தி. ஆனால் அந்தச் செய்தி வந்து சேர்ந்த மேசையிலிருந்து நாகப்பட்டினத்துக்கோ காரைக்காலுக்கோ போகும் கம்பி ஒன்றும் இல்லை. வானிலைத் துறை நிலநடுக்கத்தைப் பற்றித் தொலைநகல் அனுப்பியது. அது அன்றைய அமைச்சருக்குப் பதிலாக, அதே ஆண்டு மே மாதத்தில் ஆட்சி மாறியபோது பதவி இழந்திருந்த முன்னாள் அமைச்சரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்று பத்திரிகைகள் எழுதின. குறித்துவைத்த எண்ணை யாரும் மாற்றவில்லை. தானாகப் போய்ச் சேரும் செய்திக்கு இப்படியும் ஓர் ஆபத்து உண்டு. ஒருமுறை இடத்தைக் குறித்துவிட்டால், அந்த இடத்தில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்க நாம் மறந்துவிடுகிறோம்.

தவளக்குப்பத்துக்குக் கிழக்கே கடலோரத்தில் உள்ள நல்லவாட்டில் அன்று நடந்தது வேறு. அந்த ஊரிலும் மேற்சொன்ன திட்டத்தின் அறிவு மையம் இருந்தது. மையத்தில் முன்பு தொண்டராக இருந்த இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். நிலநடுக்கச் செய்தியைக் கேட்டு அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல் தண்ணீர் உள்ளே வருகிறது என்று வீட்டில் சொன்னார்கள். வந்திருப்பது என்ன என்பதை அவர் புரிந்துகொண்டார். உடனே வெளியேறுங்கள், ஊராருக்கும் சொல்லுங்கள் என்றார். ஊரார் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, அலை உயரத்தை வாசித்துப் பழகிய அதே ஒலிபெருக்கியில் எச்சரிக்கையைச் சொன்னார்கள். ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த ஊர் அது. படகுகள் போயின, வீடுகள் போயின. உயிர் ஒன்றும் போகவில்லை. அதே காலையில் காரைக்கால் கரையில் நூற்றுக்கணக்கானோரும் நாகை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோரும் மாண்டார்கள்.

இந்தக் கதையைச் சொல்லுகிற பலர் சிங்கப்பூர் அழைப்பிலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அந்த ஒலிபெருக்கியே பெரிதாகத் தெரிகிறது. ஒரு வீட்டுக்கு வந்த செய்தி அந்த வீட்டைக் காப்பாற்றியிருக்கும். அந்த ஒலிபெருக்கி தினமும் பேசியது, ஊர் தினமும் கேட்டது. அதில் வரும் சொல் மெய் என்று ஊராருக்குத் தெரிந்திருந்தது. ஆகையால் அன்று ஏன், எதற்கு என்று யாரும் நின்று விவாதிக்கவில்லை.

அந்தப் பேரழிவுக்குப் பின் ஐதராபாத்தில் இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. ஆழ்கடல் மிதவைகளும் நிலநடுக்கக் கருவிகளும் அங்கே இரவும் பகலும் செய்தி அனுப்புகின்றன. அங்கிருந்து மாநிலங்களுக்கும் மாவட்டங்களுக்கும் செய்தி போகும் வழிகள் வகுக்கப்பட்டுள்ளன. மிகவும் நல்லது. ஆனாலும் கடைசி அரைக் கிலோமீட்டரை, அதாவது ஊர் அலுவலகத்திலிருந்து குடிசை வரை உள்ள தூரத்தை, இன்னும் ஒரு மனிதரின் குரல்தான் கடக்க வேண்டியிருக்கிறது. பாகூர் பக்கம் கடலோரத்தில் குடியிருக்கும் நம் சபையார் தங்கள் ஊர் ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்று ஒருநாள் பார்த்துவிட்டு வந்தால் நல்லது.

இரண்டு காவல்களுக்கும் எட்டாத இடம் ஒன்று உண்டு என்று முன்னே சொன்னேன். அதைப் பற்றி எழுதத் தயங்கினேன். பாகூரிலிருந்து தெற்கே, கடலூரைத் தாண்டினால் செம்மங்குப்பம். 2025 ஜூலை 8 காலை அங்குள்ள ரயில்வே கேட்டில் பள்ளி வேன் ஒன்றின் மேல் விழுப்புரம், மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதியது. மூன்று மாணவர்கள் இறந்தார்கள். நீங்கள் அனைவரும் அன்று தொலைக்காட்சியில் பார்த்தீர்கள். அந்தப் பிள்ளைகளின் புத்தகப்பைகள் தண்டவாளத்தின் ஓரம் கிடந்ததையும் பார்த்தீர்கள்.

அந்த கேட் சிக்னலோடு பிணைக்கப்படாதது. தொலைபேசியை நம்பி நடந்தது. ஆளில்லாத கேட்களை அகலப் பாதைகளில் 2019 ஜனவரிக்குள் ரயில்வே ஒழித்துவிட்டது. இது ஆள் உள்ள கேட். நிலைய அதிபரின் அழைப்பு போகவில்லையா என்றால், போயிற்று. கேட் அறையில் பதில் சொல்ல ஆள் இல்லையா என்றால், இருந்தார். எண்ணும் கொடுக்கப்பட்டது. கேட்டை மூடாமலேயே மூடிவிட்டதாகச் சொல்லி எண் கொடுக்கப்பட்டது என்பது ரயில்வேயின் முதற்கட்ட விசாரணையில் தெரியவந்ததாகச் செய்திகள் கூறின. வேன் ஓட்டுநர் திறக்கச் சொன்னார் என்று முதலில் ஒரு விளக்கம் வந்தது. பிழைத்தவர்கள் அதை மறுத்தார்கள். யார் மேல் எவ்வளவு குற்றம் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நான் அந்தத் தாளையும் அந்த எண்ணையும் மட்டுமே பேசுகிறேன்.

மூடிவிட்டேன் என்ற சொல்லுக்கு அந்த எண் முத்திரை. பதில் சொன்னவர் விழித்திருந்தார் என்பதை அது காட்டும். கேட்டை மூடினார் என்பதை அது காட்டாது. நாற்பதடி நடந்துபோய், மூடி, பூட்டி, நாற்பதடி திரும்பி வந்து சொல்ல வேண்டியதை, நாற்காலியில் அமர்ந்தபடியே சொல்லிவிட முடியும். நூறு முறை அப்படிச் சொல்லியும் ஒன்றும் நடக்காமல் போகலாம். வெயிலில் முணுமுணுத்துக்கொண்டு நிற்கும் நாமும் அதில் கொஞ்சம் சேர்த்தி. கேட்டைச் சீக்கிரம் மூடினால் ஹாரன் அடிக்கிறோம், வண்டி வர நேரமிருக்கிறதே என்று சண்டையிடுகிறோம், குனிந்து நுழைகிறோம். இதைச் சொல்லி அந்த மனிதரை விடுவிப்பது என் எண்ணமில்லை. அந்த அறையில் அமர்ந்திருப்பவர் மேல் இரண்டு பக்கமிருந்தும் குரல் விழுகிறது என்பதைச் சொல்லுகிறேன். ஒன்று கம்பி வழியாக, மற்றது சன்னல் வழியாக.

மறுநாள் ரயில்வே அமைச்சகம் சில கட்டளைகளைப் பிறப்பித்தது. எல்லா கேட்களிலும் கண்காணிப்புக் கேமரா வைக்க வேண்டும். பிணைக்கப்படாத கேட்களைப் பிணைக்கும் பணி விரைவுபடுத்தப்பட வேண்டும். அதற்குரிய போக்குவரத்து அளவைக் குறைத்தார்கள். கேட் அறைக்கும் நிலையத்துக்கும் நடுவே நடக்கும் பேச்சுகள் பதிவாகின்றன. ஒவ்வொரு கோட்ட மேலாளரும் நாள்தோறும் இரண்டு கேட்களின் பதிவையாவது எடுத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்கள்.

ஆகவே இன்றைய தினமும் எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒருவர் அந்தப் பதிவைக் கேட்டுக்கொண்டிருப்பார். மணி அடிக்கும். வண்டி வருகிறது என்பார் ஒருவர். மூடிவிட்டேன் என்பார் மற்றவர். அதன்பின் ஓர் எண். அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே எவ்வளவு நேரம் சென்றது, நாற்பதடி போய் வரக் கூடிய நேரமா என்று அவர் கடிகாரத்தைப் பார்ப்பாரென நம்புகிறேன்.